பதுளையை நின்று பார்த்த அக்கா

பதுளை பசார் வீதியில் நான் வேலை செய்த துணிக்கடைக்கு அந்த அக்கா முதல் தடவை வந்தபோது துணி எதையும் கேட்கவில்லை. கடையின் நடுவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். கையில் குடை, காலில் வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட போன்.

“தங்கச்சி, இந்தக் கட்டடம் எப்ப கட்டுனது?”

எனக்குத் தெரியவில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து அந்தக் கடையில் வருடக்கணக்காகச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கட்டடத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“மேல மொட்டை மாடி இருக்கா?”

“இருக்கு. ஆனா அங்கல்லாம் விடமாட்டாங்க அக்கா.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

கேட்டுப் பார்த்ததில்லை. அவர் நேராகக் கல்லாவில் இருந்த முதலாளியிடம் போனார். “ஐயா, மேல போயி தெருவ ஒரு போட்டோ எடுத்துக்கவா?”

“பேப்பருக்கா?” என்றார் முதலாளி.

“இல்லைங்க. எனக்குத்தான்.”

முதலாளிக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை. “இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போங்க” என்று என்னைக் காவலுக்கு அனுப்பினார்.

அப்படித்தான் நான் வேலை செய்த கட்டடத்தின் உச்சிக்கு நான் முதல்முறையாக ஏறினேன். கீழே பஸ்களின் ஹார்ன் சத்தம். துருப்பிடித்த தகரக் கூரைகளும் மின்கம்பிச் சிக்கலும் தாண்டி முத்தியங்கனை விகாரையின் வெள்ளைத் தாதுகோபுரம் தெரிந்தது. அதற்கும் பின்னால் மேகத்தைப் போர்த்திக்கொண்டு நமுனுகுலை மலை. நான் நிற்கும் ஊர் இவ்வளவு அழகானது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அக்கா ஒரு படம் எடுத்துவிட்டு போனை என் பக்கம் திருப்பினார்.

“நான் எதுக்குங்க அக்கா? மலைய எடுங்க.”

“மலை மட்டும் வேணும்னா காலண்டர்ல பாத்துக்கலாம். ஆள் நிக்கணும். நில்லுங்க.”

தோட்டத்திலிருந்து பதுளைக்கு வருகிற எங்களுக்கு டவுன் என்றால் வேலை முடிக்கிற இடம். ஆஸ்பத்திரி, வங்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி, தீபாவளிக்குத் துணி. முடித்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும். தலையைக் குனிந்து, கடைகளின் ஓரமாக, விறுவிறுவென்று நடப்போம். அந்த அக்கா அப்படியே எதிர். நடக்க நடக்கச் சட்டென்று நின்றுவிடுவார். பின்னால் வருகிறவர் வந்து இடிப்பார். ஆட்டோக்காரன் ஹார்ன் அடிப்பான். அவர் நகரமாட்டார். பழைய கடையின் மரப் பலகணியையோ, போஸ்ட் ஆபீஸ் வாசலையோ, ஒரு பெயர்ப்பலகையையோ பார்த்துக்கொண்டு நிற்பார். “கொஞ்சம் நின்னுதான் பாருங்களேன். யாரு உங்கள வெரட்டுறா?” என்பார். இந்த ஒரு பேச்சை அவர் வாயால் எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு எங்கள் கடை பூட்டிவிடும். அதன்பிறகு “ஊர் பாக்கப் போறோம், வாங்க” என்று அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். முதலில் நானும் மேரியும்தான். மேரி எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், என்னைவிட மூத்தவர், ஞாயிறு பூசைக்காக டவுனுக்கு வருவார். பிறகு மேரியின் சொந்தக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஆனால் டவுனில் அதை வெளியே எடுத்துப் படம் பிடிக்கலாம் என்ற தைரியம்தான் இல்லை.

ரயில்வே ஸ்டேஷனில் ஆரம்பிப்போம். கொழும்பிலிருந்து வருகிற தண்டவாளம் இங்கே வந்து முடிகிறது. “ரயிலே இதுக்கு மேல போக எடமில்லன்னு நிக்கிற ஊரு நம்ம ஊரு” என்பார் அக்கா. அங்கிருந்து டவுனுக்குள் ஏறி, வெள்ளைக்காரன் காலத்துத் தேவாலயம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து யானைகளையெல்லாம் சுட்டுத் தள்ளிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி மின்னல் தாக்கிச் செத்துப்போனாராம், அவர் நினைவாகக் கட்டிய கோயில் அது. “யானைய எல்லாம் அவரு சுட்டாரு. அவர வானம் சுட்டுருச்சு” என்று அக்கா சொன்னபோது மேரி சிலுவைக்குறி போட்டுக்கொண்டே சிரித்தார். பிறகு வெலேகடைப் பழைய சந்தைக் கட்டடம், விகாரை வாசல், பிள்ளையார் கோயில், கடைசியாகப் பதுளு ஓயா ஆற்றுப் பாலம்.

ஒரு ஞாயிறு, ஒரு பழைய அலுவலகக் கட்டடத்துக்கு முன்னால் நாங்கள் நின்றபோது காவலாளி கையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். யாரைக் கேட்டுப் படம் எடுக்கிறீர்கள் என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். மேரி போனை ரவிக்கைக்குள் ஒளித்துக்கொண்டார். நான் அடுத்த சந்துக்குள் பாதி போய்விட்டேன். அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, அரைகுறைச் சிங்களத்தில், “உங்களக் கேக்கத்தான் நிக்கிறோம், மாத்தயா. வாசல் மட்டும் போதும். நீங்களும் நில்லுங்க, நல்லா இருக்கும்” என்றார்.

காவலாளி கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். அடுத்த வாரம் நாங்கள் அந்த வழியாகப் போனபோது, “என் படம் எங்கே?” என்று அவரே கூப்பிட்டுக் கேட்டார். அக்கா ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மேரியின் படம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. போஸ்ட் ஆபீஸ் படியில் அவரை நிற்கவைத்து, அக்கா சாலையோரம் குந்தி உட்கார்ந்து கீழேயிருந்து எடுத்தார். மேரி அதை நெடுநேரம் பார்த்தார். கூடை சுமந்து சுமந்து முன்னுக்கு வளைந்த உடம்பு அவருடையது. “நான் இவ்வளவு உசரமா?” என்று கேட்டார்.

அக்கா ஏன் இப்படி என்று நான் ஒரு நாள் பாலத்தில் வைத்துக் கேட்டேன். மழை பெய்து ஆறு செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

“எட்டு வருஷம் குவைத்துல வீட்டு வேலையில இருந்தேன், தங்கச்சி. எவ்வளவு பெரிய ஊரு! வந்து எறங்குன அன்னைக்கு ஏர்போட்ல இருந்து வீடு வரைக்கும் கார்ல போனேன். திரும்பி வர்றப்போ வீட்ல இருந்து ஏர்போட்டுக்குக் கார்ல வந்தேன். நடுவுல எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போனாலும் புள்ளைங்கள மடியில வெச்சுக்கிட்டுக் கார் உள்ளாறதான். அந்த ஊர்ல ஒரு தெருவ நான் கால்ல மிதிச்சதில்ல. அடிச்சாங்களா, பட்டினி போட்டாங்களான்னு எல்லாரும் கேக்குறாங்க. இல்ல. நல்லாத்தான் வெச்சிருந்தாங்க. கதவு மட்டும் பூட்டியிருக்கும்.”

திரும்பி வந்த பிறகு, ஆஸ்பத்திரிக்கு என்று பதுளைக்கு வந்தவர், வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் கால் போன போக்கில் நடந்தாராம். “யாரும் எங்க போறன்னு கேக்கல. அழுதுட்டேன்” என்றார்.

அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரிய வந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான். கணவர், மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். மகளைத் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கணவரின் அக்கா வீட்டில் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். இப்போது அதே தோட்டத்தில் பாதி எழும்பிய ஒரு வீட்டில் மகளோடு இருக்கிறார். சுவர் இருக்கிறது, பூச்சு இல்லை. ஒரு அறைக்குத்தான் கூரை. அந்த வீட்டை முடிக்க வேண்டுமென்றால் மறுபடியும் போக வேண்டும் என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே இருந்தார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனும் விடவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே அவன் போன் வரும். அக்கா எட்டப் போய் நின்று பேசுவார்.

ஒரு தடவை பேசிவிட்டு வந்தவரின் முகம் வாடியிருந்தது. “இந்தத் தடவை வேற ஊராம். மாசக் கடைசில போகணுமாம். வெளிய நடக்க விடுவாங்களான்னு கேட்டேன். ‘நீ வேலைக்குப் போறியா, டூர் போறியா’ன்னு சிரிக்கிறான்.”

“என்ன சொன்னீங்க?”

“பாஸ்போர்ட் அவன்கிட்டத்தானே இருக்கு” என்றார். அது பதில் இல்லை. அன்று அவர் எந்த இடத்திலும் நிற்காமல் நடந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மகள் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். உயர்தரம் படிக்கிற பிள்ளை, தாயைவிட ஒரு பிடி உயரம். காதில் இயர்போன். வரச் சொன்னதால் வந்தேன் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. தாய் ஏதாவது கேட்டால் “ம்” என்பாள். அதுவும் சில நேரம்தான். அக்கா முன்னால் மேரியோடு போக, அவள் பின்னால் என்னோடு வந்தாள்.

“அம்மா எடுக்குற போட்டோ எல்லாம் பாத்தியா? நல்லா இருக்குல்ல?” என்றேன் பேச்சுக்கு.

“உங்களுக்காவது உண்மையான போட்டோ காட்டுனாங்களே” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் இயர்போனைக் கழற்றாமலே சொன்னாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், எங்கள் அம்மா குவைத்தில் இருக்கிறார், அங்கே கடலோரத்தில் பெரிய கோபுரங்கள் இருக்கின்றன என்று பீற்றிக்கொள்வாளாம். காட்டு பார்ப்போம் என்றார்களாம் கூட்டாளிகள். கோபுரத்துப் பக்கத்தில் நின்று ஒரு படம் அனுப்புங்கள் என்று தாயிடம் கேட்டிருக்கிறாள். ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. கோபுரத்துக்கு முன்னால் அம்மா. அதை வகுப்பில் காட்டினாள். ஒரு பையன் பார்த்துவிட்டு, இது ஒட்டு வேலை, கோபுரத்தை நெட்டில் எடுத்து உன் அம்மாவை மேலே ஒட்டியிருக்கிறார்கள் என்றான். காலுக்குக் கீழே நிழல் இல்லை என்று காட்டினான். வகுப்பே சிரித்தது.

“அன்னைலருந்து அவங்க என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வர்றதில்ல, அக்கா. இப்பவும் போகமாட்டேன்னுதான் சொல்றாங்க. ஏஜென்சிக்காரன் வீட்டுக்கு வந்து பேசிட்டுப் போறான்.”

நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு ரயில் வந்து நின்றிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வழக்கமாக இதற்கு முன்னால் வருகிற எல்ல என்ற ஊரிலேயே இறங்கிவிடுவார்கள். அன்று ஒரு குடும்பம் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுக் கடைசி வரை வந்துவிட்டிருந்தது. தாய், தகப்பன், இரண்டு சின்னப் பிள்ளைகள், மலை போலப் பெட்டிகள். ஆட்டோக்காரர்கள் சுற்றி நின்றார்கள். அந்தப் பெண் புருஷனை ஏசிக்கொண்டிருந்தார். அரபு மொழி.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அக்காவின் கை தானாகவே எழுந்து துப்பட்டாவைத் தலைக்கு இழுத்தது. ஒரு எட்டு பின்னால் வந்து எங்களுக்குள் மறைந்து நின்றார். எத்தனையோ காவலாளிகளுக்கு முன்னால் நகராமல் நின்ற மனுஷி. தர்ஷினி இயர்போனைக் கழற்றிவிட்டுத் தாயையே பார்த்தாள்.

பிள்ளைகளில் சின்னது அழ ஆரம்பித்தது. அக்கா துப்பட்டாவைத் தோளில் இறக்கிவிட்டு முன்னால் போனார். அரபியில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் சட்டென்று திரும்பினார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அக்கா அந்த மொழியில் பேசியபோது குரலே வேறாக இருந்தது, வேகமாக, கைகளை ஆட்டிக்கொண்டு. எல்லயில் அவர்களுக்காக நின்ற வண்டி இங்கே வந்துசேர நேரமாகும் என்று போனில் விசாரித்துச் சொன்னார். பெட்டிகளை ஸ்டேஷன் ஆட்களிடம் ஒப்படைத்தார். எங்கள் பக்கம் திரும்பி, “அது வரைக்கும் நம்ம ஊர நடந்து பாருங்கன்னு சொல்லிட்டேன்” என்றார்.

அன்றைய நடையைப் போல் ஒன்றை நான் பார்த்ததில்லை. தேவாலயத்து வாசலில் யானைக் கதையை அரபியில் கைகாலால் நடித்துச் சொன்னார். அழுத பிள்ளை சிரித்தது. வெலேகடையில் மரக்கறி விற்கிற சிங்களப் பெண்ணுக்கும் அந்த அரபுப் பெண்ணுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். நடுவழியில் ஒரு தரம் அந்தப் பெண் ஏதோ கேட்க, அக்கா பதில் சொன்னார். கேட்டதும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஏதோ மாறியது. தன் தோளிலிருந்த பிள்ளையின் பையைக் கழற்றி, பேசிக்கொண்டே, அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா பையைப் பார்த்தார். பிறகு சிரித்த முகமாகவே அதைக் கொண்டுபோய்ப் புருஷன்காரனின் தோளில் மாட்டிவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். புருஷன் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்தார்.

வண்டி வந்து புறப்படும்போது அந்தப் பெண் அக்காவைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போக, அக்காவும் தர்ஷினியும் நானும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். தர்ஷினி அன்று முதல் தடவையாகத் தானே பேச்சைத் தொடங்கினாள்.

“அந்தப் பையக் குடுத்தாங்கள்ல. என்ன சொன்னீங்க?”

“முன்னாடி என்ன வேலை பாத்தன்னு கேட்டாங்க. சொன்னேன். ஒடனே பை என் கைக்கு வந்துருச்சு. ‘இப்ப எனக்குப் போட்டோ எடுக்க ரெண்டு கையும் வேணும்’னு சொன்னேன்.”

தர்ஷினி வடையைப் பிய்த்தாள்.

“அங்க ஜன்னல் இருந்துச்சா?”

“எங்க?”

“அந்த வீட்ல.”

“குசினில, அடுப்புக்கு மேல ஒண்ணு இருந்துச்சு. தொறந்தா அடுத்த வீட்டுச் சுவரு. ஒரு ஏசி மெசின். அதுக்கு மேல ஒரு புறா வந்து குந்தும். அவ்வளவுதான் நான் பாத்த குவைத்து.”

“அத எடுத்து அனுப்பியிருக்கலாம்ல?”

“அதையா? வெறும் சுவரு, பிள்ளை. அதப் போய் வகுப்புல எப்பிடிக் காட்டுவ?”

“காட்டியிருக்கமாட்டேன்” என்றாள் தர்ஷினி. “நான் வெச்சிருந்திருப்பேன். அது உண்மையா இருந்திருக்கும்.”

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். தர்ஷினி தன் பீங்கான் தட்டில் மிச்சமிருந்த வடையைத் தாயின் பக்கம் தள்ளிவிட்டு, “சாப்புடுங்க, பஸ்ஸு வந்துரும்” என்றாள்.

அதே வாரத்தில் ஒரு நாள் அக்கா கடைக்கு வந்தார். கும்பலுக்கு நடுவில் எட்டிப் பார்த்து, பாஸ்போர்ட்டை உயர்த்திக் காட்டினார். “திருப்பி வாங்கிட்டேன், தங்கச்சி. அவன் கத்துனான். கத்தி முடிக்கிற வரைக்கும் அங்கயே நின்னேன்” என்றார். அதன்பிறகு நாத்தனார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம்.

அன்று ஸ்டேஷனில் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் அக்காவின் நம்பரை வாங்கியிருந்தார். எல்லயில் அரபிக்காரர்கள் தங்குகிற விடுதிகளில் அவர் சொல்லிவைத்தார். விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட முதலில் மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள், பிறகு அடிக்கடி. எல்லா மாதமும் ஆள் வரும் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் ஒருவரும் வரமாட்டார்கள், அப்போது அவர் ஒரு தையல் நிலையத்துக்குப் போவார். வீட்டில் இரண்டாவது அறைக்குக் கூரை ஏற அதற்குப் பிறகு வெகுகாலம் ஆனது.

நான் கல்யாணம் முடித்துக் கண்டிப் பக்கம் வந்துவிட்டேன். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது லோவர் வீதியில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே நாலைந்து வெளிநாட்டுப் பெண்கள், நடுவில் அக்கா. கொஞ்சம் சதை போட்டிருந்தார். பக்கத்தில் தர்ஷினி, ஆங்கிலத்தில் அந்தப் பெண்களுக்கு என்னவோ விளக்கிவிட்டு, உடனே தாயின் பக்கம் திரும்பித் தமிழில் சண்டை பிடித்தாள்.

“பாலத்துக்கு இப்பிடிப் போனா வெயில் மூஞ்சில அடிக்கும். அந்தப் பக்கமாத்தான் போகணும். எத்தன தரம் சொல்றது?”

“இவ்வளவு நாளா நான் இப்பிடித்தான் போறேன்!”

“அதனாலதான் உங்க போட்டோல எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு இருக்காங்க!”

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தீங்களா தங்கச்சி, ரோட்டுல வெச்சு எப்பிடித் திட்டுறான்னு” என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. என்ன செய்கிறாள் என்று கேட்டேன். டவுனில் ஒரு நிலையத்தில் சுற்றுலா வழிகாட்டிப் படிப்பு படிக்கிறாளாம். “லைசன் எடுத்துட்டா என்னைய வேலைக்கு வெச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கா. வாய் காட்டாம இருந்தா” என்று சொல்லிச் சிரித்தார்.

பேசிக்கொண்டே நாங்கள் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பசறைப் பக்கமிருந்து ஒரு பஸ் வளைந்து திரும்பியது.

“அம்மா! பஸ்ஸு வருது, இந்தப் பக்கம் வாங்க!” என்று தர்ஷினி கத்தினாள். கத்திக்கொண்டே வந்து தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எந்த வழியாகப் போவது என்ற சண்டை விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தது. வெளிநாட்டுப் பெண்கள் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு பின்னால் போனார்கள். கடைசியில் மகள் சொன்ன வழியாகத்தான் போனார்கள்.